பாடத் தளத்துக்கு ஏற்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்பைத் தேர்ந்தெடுத்தல்

உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பது, நிரல் எழுதத் தெரியாதவரும் ஓர் இணையதளத்தில் பக்கங்களை எழுதவும் திருத்தவும் வரிசைப்படுத்தவும் வழி செய்யும் மென்பொருள். சி.எம்.எஸ். என்ற சுருக்கப் பெயரே புழக்கத்தில் அதிகம். செய்தித் தளம், கடை, அலுவலகத் தளம், பாடத் தளம் ஆகிய எல்லாவற்றையும் இத்தகைய மென்பொருளைக் கொண்டு நடத்தலாம். ஆனால் இவற்றின் தேவைகள் ஒன்றல்ல. செய்தித் தளத்தில் புதியது முதலில் வர வேண்டும். பாடத் தளத்தில் முதலில் கற்க வேண்டியது முதலில் வர வேண்டும். செய்தி ஒரு வாரத்தில் பழையதாகிவிடும். பாடம் ஆண்டுக்கணக்கில் நிற்கும், அவ்வப்போது திருத்தமும் கேட்கும். செய்தியை வாசித்தவர் அதோடு போய்விடலாம். பாடத்தை வாசித்தவர் அதைச் செய்து பார்க்க வேண்டும். இந்த மூன்று வேறுபாடுகளிலிருந்தே மென்பொருள் தேர்வு தொடங்குகிறது.

இந்த இயல் நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளுக்கான பயிற்சித் தளம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறது. பாடத் தளம் நடத்துவதில் வரக்கூடிய சிக்கல்கள் பெரும்பாலும் இந்த மாவட்டத்தில் ஒரே இடத்தில் கூடுகின்றன. கற்பிக்கும் அறிவுக்குக் குறைவில்லை. குன்னூரில் தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்களின் சங்கமான உபாசி, அதன் வேளாண் அறிவியல் நிலையம், தேயிலை வாரியத்தின் அலுவலகம், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இன்கோசர்வ் ஆகியவை உள்ளன. உதகையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கற்பவர்களோ பந்தலூரிலிருந்து கிண்ணக்கொரை வரை மலைகளுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் இடையில் சிதறிக் கிடக்கிறார்கள். கையில் இருப்பது ஒரு செல்போன். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. இந்த நிலைமைக்குத் தாங்கும் தளம் தமிழ்நாட்டின் வேறெந்த ஊருக்கும் தாங்கும்.

1. முதலில் மூன்று பாடங்களை எழுதுதல்

மென்பொருளைத் தேடும் முன் மூன்று பாடங்களை முழுமையாக எழுதி முடிக்க வேண்டும். வெறும் தாளில் எழுதினாலும் போதும். தளத்துக்கு உண்மையில் என்ன தேவை என்பதை அந்த மூன்று பாடங்களே சொல்லிவிடும். மென்பொருளின் வசதிப் பட்டியலைப் பார்த்துத் தொடங்கினால், வேண்டாத வசதிக்கெல்லாம் ஆசை வரும்.

தேயிலையில் வரும் கொப்புள நோயைக் கண்டறிவது பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். மழையும் மூடுபனியும் தொடரும் மாதங்களில் இளங்கொழுந்தைத் தாக்கும் பூஞ்சை நோய் இது. முதலில் இளம் இலையில் குண்டூசித் தலையளவு வெளிறிய, ஒளி ஊடுருவும் புள்ளி தோன்றும். அது வட்டமாகப் பெருகும். இலையின் ஒரு பக்கம் குழிந்து, அதற்கு நேராக அடிப்பக்கம் கொப்புளமாக உப்பும். உப்பிய பகுதியில் வெண்மை படரும். பிறகு அந்தப் பகுதி பழுப்பாகிக் காய்ந்துவிடும். பறிக்கும் கொழுந்தையே தாக்குவதால் இழப்பு நேராக எடையில் தெரியும்.

இந்தப் பாடத்தை எழுதிப் பார்த்தால் பின்வரும் தேவைகள் தெளிவாகும். இலையின் மேல்பக்கப் படமும் அடிப்பக்கப் படமும் அருகருகே வர வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் இட்ட வரிசை வேண்டும். பாடத்தின் முடிவில் ‘அடுத்த பாடம்: மருந்து தெளிக்கும் காலம்’ என்ற இணைப்பு வேண்டும். பரிந்துரைக்கப்படும் மருந்துகள் மாறக்கூடியவை என்பதால், பக்கம் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியும் திருத்தியவர் பொறுப்பும் வாசகருக்குத் தெரிய வேண்டும். பக்கத்தைத் தாளில் அச்சிட்டுத் தொழிற்சாலையில் ஒட்டவும் வழி இருக்க வேண்டும். தேர்வோ மதிப்பெண்ணோ இந்தப் பாடத்துக்குத் தேவையில்லை. ஆனால் தொழிற்சாலைப் பணியாளருக்கான பாதுகாப்புப் பயிற்சி மூன்று பாடங்களில் ஒன்றாக இருந்தால், யார் முடித்தார், யார் முடிக்கவில்லை என்ற பதிவு தேவைப்படும். இந்த ஒரு வேறுபாடே மென்பொருளை மாற்றிவிடும்.

ஏற்கனவே உள்ளதைத் திரும்ப எழுதுவதும் வீண். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பயிர்வாரியாகத் தகவல் தருகிறது. புதிய தளம் அதற்கு இணைப்பு கொடுத்துவிட்டு, உள்ளூருக்கே உரிய செய்முறைகளில் கவனம் செலுத்தலாம்.

2. தளத்தை யார் நடத்தப் போகிறார்கள்

அடுத்த கேள்வி, பாடங்களை ஏற்றப் போகிறவர் யார் என்பது. தளத்தை அமைத்துத் தருபவர் கோவையிலோ சென்னையிலோ உள்ள ஒரு நிறுவனமாக இருக்கலாம். அவர் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் தளத்தைத் தொடப் போவது ஒரு களப்பணியாளரோ, அலுவலக உதவியாளரோ, கல்லூரி மாணவரோ. மென்பொருள் அவருக்குப் பொருந்த வேண்டும்.

மூன்று பொறுப்புகளைப் பெயர் குறித்து ஒதுக்க வேண்டும். பாடம் எழுதுபவர், பொருள் சரிதானா என்று பார்ப்பவர், மென்பொருளை அப்டேட் செய்து பேக்கப் எடுப்பவர். ஒருவரே மூன்றையும் செய்யலாம். ஆனால் மூன்றாவது பொறுப்புக்கு ஆள் இல்லையென்றால், சொந்த சர்வரில் இயங்கும் எந்த மென்பொருளையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. அப்டேட் இல்லாத தளத்துக்குள் வெளியார் நுழைந்து சூதாட்ட விளம்பரங்களை வைப்பது அன்றாடம் நடப்பது.

அரசு அலுவலகங்களுக்கு இந்தத் தேர்வு பெரும்பாலும் முன்பே முடிந்துவிடுகிறது. நீலகிரி மாவட்ட நிர்வாகத்தின் தளம் உட்பட மாவட்டத் தளங்கள் தேசியத் தகவலியல் மையத்தின் ‘எஸ்-3-வாஸ்’ என்ற பொதுத் தளத்தில் இயங்குகின்றன. பாதுகாப்பும் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதியும் அங்கே மையமாகவே கவனிக்கப்படுகின்றன. கூட்டுறவுச் சங்கம், தொண்டு நிறுவனம், தனியார் பயிற்சி மையம், கல்லூரித் துறை போன்றவைதான் தாமே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் உள்ளன.

3. கைக்கு எட்டும் மென்பொருள்கள்

வேர்ட்பிரஸ்: மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் 2003 மே மாதம் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். இன்று உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கும் மேற்பட்டவை இதில் இயங்குகின்றன. தமிழில் கட்டற்ற மென்பொருள் பாடங்களை 2012 ஜனவரி முதல் வெளியிட்டு வரும் ‘கணியம்’ தளமும் வேர்ட்பிரஸில் அமைந்ததே. இதன் முதல் பலம் ஆள் பலம்: உதகையிலோ மேட்டுப்பாளையத்திலோ இதை ஓரளவு தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. எழுதுவதும் படம் சேர்ப்பதும் எளிது.

பாடத் தளத்துக்கு இதைப் பயன்படுத்தும்போது ஒரு முடிவை முதல் நாளே எடுக்க வேண்டும். வேர்ட்பிரஸில் ‘பதிவு’, ‘பக்கம்’ என இரண்டு வகை உண்டு. பதிவுகள் தேதி வாரியாக, புதியது மேலே என்று அடுக்கப்படும். பக்கங்களுக்குத் தாய்ப்பக்கமும் வரிசை எண்ணும் கொடுக்கலாம். பாடங்களைப் பக்கங்களாகவும், அறிவிப்புகளைப் பதிவுகளாகவும் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் பதிவாக ஏற்றிவிட்டால், கவாத்து பற்றிய முதல் பாடம் நாற்பது பதிவுகளுக்குக் கீழே புதைந்துவிடும். கூகுளின் பிளாகர் இலவசமாகக் கிடைத்தாலும் பாடத் தளத்துக்குப் பொருந்தாமல் போவதற்கு இந்தத் தேதி அடுக்கே காரணம்.

மூடில்: ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கிய கற்றல் மேலாண்மை மென்பொருள். முதல் பதிப்பு 2002 ஆகஸ்டில் வந்தது. இலங்கைக் கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிப் பாடங்களையும் மூடிலில்தான் நடத்துகிறது. வகுப்பு, மாணவர் பட்டியல், வினாடி வினா, ஒப்படைப்பு, பாடம் முடித்ததற்கான பதிவு ஆகிய எல்லாம் இதில் உள்ளமைந்தவை. செல்போன் செயலியில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாதபோதும் படிக்கலாம்.

இதன் சுமை பராமரிப்பில் இருக்கிறது. சர்வரில் பின்னணி வேலைகள் இடைவிடாமல் ஓட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை புதிய பதிப்பு வரும். பயனர் உள்நுழைவு என்ற எண்ணத்தின் மேல்தான் மூடில் கட்டப்பட்டிருக்கிறது. விருந்தினராகப் பார்க்க அனுமதிக்கலாம், கூகுள் தேடலுக்கும் திறந்துவிடலாம். ஆனால் அவற்றைத் தேடிப்பிடித்து இயக்க வேண்டும். தோட்டத்தில் நின்றபடி நோயுற்ற இலையைப் பார்த்து விவரம் தேடும் விவசாயியிடம் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கக் கூடாது. பதிவு செய்து படிக்கும் குழுவுக்கு மூடில் பொருந்தும். யாரும் வந்து பார்க்கும் கையேட்டுக்கு அது மிகை.

மீடியாவிக்கி: விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் திரட்டும் நூலகம் நிறுவனத்தின் தளமும் இதில்தான் இயங்குகிறது. பலர் சேர்ந்து எழுதும் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமானது அரிது. ஒவ்வொரு திருத்தமும் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதோடு பதிவாகும். தவறான திருத்தத்தை ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். பாடங்களை வரிசையாகக் கற்பிக்கும் அமைப்பை மட்டும் கையால் உருவாக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துவிட்டால் விளம்பரக் குப்பை குவியும். கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும் திருத்தும் உரிமை கொடுப்பது நல்லது. சிறிய குழுவுக்கு டோக்குவிக்கி போதும். 2004இல் வந்த இந்த மென்பொருளுக்குத் தரவுத்தளமே தேவையில்லை. பக்கங்கள் வெறும் உரைக் கோப்புகளாகச் சேமிக்கப்படுகின்றன.

நிலைத்தள உருவாக்கிகள்: 2008இல் வந்த ஜெக்கில், 2013இல் வந்த ஹியூகோ ஆகியவை இந்த வகை. பாடங்களை எளிய உரைக் கோப்புகளில் எழுதினால், மென்பொருள் அவற்றை முன்கூட்டியே ஆயத்தப் பக்கங்களாக மாற்றிவிடும். சர்வரில் தரவுத்தளமும் இல்லை, உடைத்து நுழைய நிர்வாக வாசலும் இல்லை. பக்கங்கள் வேகமாகத் திறக்கும். கிட்ஹப் பேஜஸ் சேவையில் 1 ஜி.பி. வரையிலான தளத்தைக் கட்டணமின்றி வைக்கலாம். முழுத் தளத்தையும் பென்டிரைவில் போட்டு, இணையம் இல்லாத பயிற்சிக் கூடத்தில் திறக்கும்படியும் அமைக்கலாம். குறை என்னவென்றால், திருத்துபவருக்குக் கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் போன்ற கருவியில் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் உள்ள ஒருவர் நிலையாக இருக்கும் இடத்துக்கே இது ஏற்றது.

2001இல் வந்த துருபல், 2005இல் வந்த ஜூம்லா இரண்டும் திறன் மிக்கவை. ஆனால் இரண்டு மூன்று பேர் நடத்தும் பாடத் தளத்துக்கு இவற்றின் கற்றல் சுமை அதிகம். பல துறைகள், பல அதிகார நிலைகள் உள்ள பெரிய நிறுவனம் துருபலைப் பரிசீலிக்கலாம்.

4. தமிழுக்கான சோதனைகள்

மென்பொருளின் விளக்கத்தில் ‘எல்லா மொழிகளும் இயங்கும்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. பின்வரும் நான்கையும் தமிழ்ப் பாடத்தை ஏற்றியே சோதிக்க வேண்டும்.

முதலாவது, பக்கத்தின் முகவரி. யுனிகோடில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். ‘கொ’ என்பது ‘க’, ‘ொ’ என்ற இரண்டு குறியீடுகள். இணைய முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகிவிடும். ஆக ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 எழுத்து. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து தானாக உருவாக்கும் முகவரிப் பகுதிக்கு எல்லை 200 எழுத்து. ‘தேயிலைக் கொப்புள நோயைக் கண்டறிதல்’ என்று தலைப்பிட்டால், முதல் மூன்று சொற்களின் 21 குறியீடுகளே 189 எழுத்தாகின்றன. சொற்களுக்கு இடையிலான மூன்று இடைவெளிகளும் சேர்ந்தால் 192. அடுத்த சொல்லின் முதல் எழுத்துக்கே இடம் போதாது. ‘கண்டறிதல்’ முழுவதும் வெட்டுப்படும். அடுத்ததாக ‘தேயிலைக் கொப்புள நோயைக் கட்டுப்படுத்துதல்’ என்ற பாடத்தை ஏற்றினால் அதற்கும் அதே முகவரி வந்து, கடைசியில் 2 என்ற எண் மட்டும் சேரும். வாட்ஸப்பில் பகிரும்போது முகவரி முழுவதும் சதவீதக் குறிகளின் நீண்ட சரமாகத் தெரிவதும் உண்டு. இதற்குத் தீர்வு எளிது: ஒவ்வொரு பாடத்துக்கும் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்த குறுகிய முகவரியைக் கையால் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுக்க வழியில்லாத மென்பொருளைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது, தேடல். தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் ஈறு மாறுகிறது. ‘கவாத்து’ என்று தேடினால், ‘கவாத்தை’, ‘கவாத்தின்’ என்று மட்டும் எழுதப்பட்ட பக்கம் வேர்ட்பிரஸின் இயல்பான தேடலில் அகப்படாது. அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே தேடுகிறது. ‘நோய்’ என்று தேடினால் ‘நோயை’ கிடைக்காததும் இதனால்தான். ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலோ முதல் பத்தியிலோ முக்கியச் சொற்கள் உருபு சேராத வடிவில் ஒருமுறையாவது வர வேண்டும். பக்கத்தின் கடைசியில் ‘தேடுசொற்கள்’ என்று ஒரு வரி சேர்த்து, விவசாயிகள் பேச்சில் வழங்கும் பெயர்களையும் அங்கே எழுதலாம். அதைக் குறிச்சொல்லாக மட்டும் இட்டால் போதாது. வேர்ட்பிரஸின் இயல்பான தேடல் தலைப்பு, சுருக்கம், உள்ளடக்கம் ஆகிய மூன்றில் மட்டுமே பார்க்கும்.

மூன்றாவது, பழைய கோப்புகள். டி.டி.பி. மையங்களில் முன்பு அச்சான கையேடுகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக் குறியேற்றங்களில் இருக்கும். அவற்றை அப்படியே ஒட்டினால் பொருளற்ற எழுத்துகளே வரும். எழுத்துரு மாற்றியின் மூலம் யுனிகோடுக்கு மாற்றி, பிறகு ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். மருந்தின் அளவு, கலக்கும் நீரின் அளவு போன்ற எண்களில் தனிக் கவனம் தேவை.

நான்காவது, எழுத்துருவும் இடைமுகமும். தீம்கள் பலவும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. தமிழில் வரி இடைவெளி குறைந்து, மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘கீ’யும் உரசும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை போன்ற கட்டற்ற எழுத்துருக்களில் ஒன்றைத் தேர்ந்து வரி இடைவெளியைக் கூட்டிக்கொள்ளலாம். ‘அடுத்து’, ‘முந்தைய’, ‘தேடுக’ போன்ற பொத்தான் சொற்களைத் தமிழில் மாற்ற மென்பொருள் இடம் தர வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தயங்குபவருக்கு ஒலிப்பதிவு உதவும். மாவட்டத்தில் தமிழோடு படுக மொழியும், கூடலூர், பந்தலூர்ப் பகுதியில் மலையாளமும் பேசப்படுகின்றன. பெரும்பாலான மென்பொருள்களின் மொழிப் பட்டியலில் படுக மொழி இருக்காது. அதற்காகத் தனி மொழிப் பதிப்பு அமைக்க முயல்வதைவிட, அதே தமிழ்ப் பக்கத்தில் படுக ஒலிப்பதிவையும் சேர்ப்பது நடைமுறைக்கு எளிது.

5. பக்கத்தின் எடை

செல்போன் கேமராவில் எடுத்த படம் ஒன்று பொதுவாகச் சில எம்.பி. இருக்கும். கொப்புள நோய்ப் பாடத்தில் எட்டுப் படங்களை அப்படியே ஏற்றினால், சிக்னல் மெலிந்த பள்ளத்தாக்கில் அந்தப் பக்கம் திறக்காது. அகலத்தை 1,200 புள்ளிக்குக் குறைத்து வெப்-பி வடிவில் சேமித்தால், நோயின் அறிகுறி தெளிவாகத் தெரியும். அளவும் நூறு, இருநூறு கே.பி. அளவுக்கு இறங்கும். வேர்ட்பிரஸ் ஒரு படத்தைப் பல அளவுகளில் தானே உருவாக்கிக்கொண்டு, 4.4 பதிப்பிலிருந்து திரைக்கு ஏற்றதை அனுப்புகிறது. கீழே உள்ள படங்களை வாசகர் அங்கே வரும்போது மட்டும் இறக்கும் வசதி 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து உண்டு. மற்ற மென்பொருள்களில் இவை உண்டா, தனியாகச் சேர்க்க வேண்டுமா என்று பார்க்க வேண்டும்.

காணொளிகளைத் தளத்தின் சொந்த சர்வரில் வைக்கக் கூடாது. யூடியூபில் ஏற்றி இணைப்புத் தருவதே போதும். எந்தப் பாடமும் காணொளியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. கத்தியை எந்தக் கோணத்தில் பிடித்துக் கவாத்து வெட்டுவது என்பதைக் காணொளி நன்றாகக் காட்டும். ஆனால் அதே செய்தி நான்கு படங்களிலும் எட்டு வரிகளிலும் பக்கத்தில் இருந்தால்தான் சிக்னல் குறைந்த இடத்திலும் பாடம் நடக்கும்.

வேர்ட்பிரஸில் அழகுக்காகச் சேர்க்கும் பக்க வடிவமைப்புப் பிளக்-இன்கள் எடையைக் கூட்டும் முதல் காரணம். நகரும் படங்கள், மிதக்கும் பொத்தான்கள், வெளியிலிருந்து இழுக்கும் எழுத்துருக்கள் எதுவும் பாடத்துக்கு உதவுவதில்லை. பேக்கப், பாதுகாப்பு, தற்காலிகச் சேமிப்பு, தொடர்புப் படிவம் என்று நாலைந்து பிளக்-இன்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் கியூ.ஆர். குறியீடுகள் இடம்பெற்று வருவதால், அவற்றை ஸ்கேன் செய்யும் பழக்கம் வீடுகளில் வந்துவிட்டது. பாடத்தின் குறுகிய முகவரியைக் கியூ.ஆர். குறியீடாக அச்சிட்டு, பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் ஒட்டினால், முகவரியைத் தட்டச்சு செய்யும் தொல்லை இல்லை. முகவரி பின்னர் மாறாமல் இருந்தால்தான் அந்த அச்சுத்தாள் பயன்படும். முகவரியை நிலையாக வைத்திருக்க முடியுமா என்பதும் தேர்வின் ஒரு பகுதி.

6. செலவு, உரிமை, வெளியேறும் வழி

கட்டற்ற மென்பொருளுக்கு விலை இல்லை. தளத்துக்குச் செலவு உண்டு. டொமைன், ஹோஸ்டிங், அமைப்புக் கூலி, பராமரிப்பு ஆகிய நான்கையும் மூன்று ஆண்டுகளுக்குக் கணக்கிட வேண்டும். ஹோஸ்டிங் நிறுவனங்கள் முதல் ஆண்டுக்குச் சலுகை விலை சொல்வது வழக்கம். இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பு விலையைக் கேட்டு, அதை வைத்தே ஒப்பிட வேண்டும்.

டொமைன் நிறுவனத்தின் பெயரிலும் நிறுவனத்தின் மின்னஞ்சலிலும் பதிவாக வேண்டும். தளம் அமைப்பவரின் சொந்தக் கணக்கில் பதிவானால், அவர் விலகும் நாளில் பெயரும் கைவிட்டுப் போகும். சர்வர், டொமைன், நிர்வாகி ஆகிய மூன்றின் பாஸ்வேர்டுகளும் நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

பாடங்களின் உரிமத்தையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். கணியம் தன் கட்டுரைகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகிறது. யாரும் பகிரலாம், மேம்படுத்தலாம். பொதுப் பயிற்சிக்கான பாடங்களுக்கு இது நல்ல முன்மாதிரி. பிறருடைய படத்தைப் பயன்படுத்தினால் அனுமதியும் பெயர்க் குறிப்பும் தேவை.

எந்த மென்பொருளும் நிரந்தரமல்ல. எனவே பாடங்களை வெளியே எடுத்துச் செல்லும் வழியை, உள்ளே போகும் முன்பே பார்த்துவிட வேண்டும். வேர்ட்பிரஸ் எல்லாப் பக்கங்களையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யும். படங்களைத் தனியே நகலெடுக்க வேண்டும். மூடில் ஒவ்வொரு வகுப்பையும் தனிக் கோப்பாகப் பேக்கப் எடுக்கும். நிலைத்தளத்தில் எல்லாமே ஏற்கனவே கோப்புகள். எச்சரிக்கை தேவைப்படுவது பக்க வடிவமைப்புப் பிளக்-இன்களிடம்: அவற்றில் பல, பிளக்-இன்னை நீக்கியதும் பாடத்தின் நடுவே அடைப்புக்குறிக் குறியீடுகளை விட்டுச் செல்கின்றன, நூறு பக்கங்களைக் கையால் சுத்தம் செய்ய நேரும்.

7. இரண்டு வாரச் சோதனை

மேற்கண்டவற்றைக் கொண்டு இரண்டு மென்பொருள்களை மட்டும் இறுதிச் சுற்றுக்கு எடுத்து, எழுதி வைத்த மூன்று பாடங்களையும் இரண்டிலும் ஏற்ற வேண்டும். ஏற்றுபவர், பின்னாளில் தளத்தை நடத்தப் போகிறவராகவே இருக்க வேண்டும். கவனிக்க வேண்டியவை:

அ. உதவி கேட்காமல் ஒரு பாடத்தை ஏற்ற முடிகிறதா? படத்தை மாற்றவும் பாட வரிசையை மாற்றவும் முடிகிறதா?

ஆ. எழுதிக்கொண்டிருக்கும்போது கணினியை நிறுத்தினால் எவ்வளவு எழுத்து மிஞ்சுகிறது? தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடலூரிலும் குந்தாவிலும் மின்சாரம் சொல்லாமல் போகும்.

இ. விலை குறைந்த செல்போனில், சிக்னல் மெலிந்த இடத்தில் பக்கம் திறக்கிறதா? இணையத்தை நிறுத்தியபின் பாடம் எந்த வடிவிலாவது கையில் நிற்கிறதா?

ஈ. ‘நோய்’, ‘கவாத்து’, ‘கொழுந்து’ என்று தேடினால் சரியான பாடம் வருகிறதா?

உ. ஒரு பாடத்தைத் தவறாகத் திருத்திவிட்டுப் பழைய வடிவத்தை மீட்க முடிகிறதா?

ஊ. முழுத் தளத்தையும் பேக்கப் எடுத்து, வேறொரு கணினியில் திரும்ப நிறுவ முடிகிறதா? மீட்டுப் பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று எண்ணக் கூடாது.

எ. பாடத்தைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் காட்டி, அவர் தேடியதைத் தானே கண்டுபிடிக்கிறாரா என்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். குறுக்கே பேசக் கூடாது.

இந்த ஏழில் ‘அ’வும் ‘ஊ’வும் தோற்றால், மற்ற ஐந்திலும் சிறப்பாக இருந்தாலும் அந்த மென்பொருளைக் கைவிட வேண்டும்.

8. எந்த நிலைக்கு எது

படமும் எழுத்தும் கொண்ட பொதுப் பாடங்கள், நிரல் தெரியாத இரண்டு மூன்று எழுத்தாளர்கள், மாதம் ஒருமுறையாவது அப்டேட் பார்க்க ஓர் ஆள் என்ற நிலையில், எளிய தீமும் குறைந்த பிளக்-இன்களும் கொண்ட வேர்ட்பிரஸே ஏற்றது. நீலகிரியின் சிறிய பயிற்சி மையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வரும். பதிவு செய்த மாணவர்கள், தேர்வு, சான்றிதழ் ஆகியவை இன்றியமையாதவை என்றால் மூடில். பல ஊர்களிலிருந்து பலர் எழுதி ஒருவர் எழுத்தை ஒருவர் திருத்தும் கூட்டு முயற்சி என்றால் மீடியாவிக்கி அல்லது டோக்குவிக்கி. பாடங்கள் அதிகம் மாறாதவை, தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் நிலையாக இருக்கிறார், இணையம் இல்லாத கூடங்களிலும் காட்ட வேண்டும் என்றால் ஹியூகோ.

இரண்டு மென்பொருள்கள் சமமாகத் தோன்றினால், ஐந்தாவது ஆண்டில் தளத்தைத் திருத்தப் போகிறவருக்கு எது எளிதோ அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பாடம் எழுதுபவர் தயங்காமல் திறந்து, திருத்தி, மூடக்கூடிய மென்பொருளே பாடத் தளத்துக்குச் சரியான மென்பொருள்.